யார் லென்ஸை விற்பது?

"பிரிஞ்சுடலாம் மீரா. உன் கேமரா உனக்கு, என் கேமரா எனக்கு."

சுமந்த் இப்படிச் சொன்னதும் கவுண்டருக்குப் பின்னால் நின்ற மைதீனுக்குத் திக்கென்றது. பழவங்காடியில் இருபத்திரண்டு வருஷமாகத் தமிழும் மலையாளமும் கலந்து பேசிக் கேமரா விற்கிறவர் அவர். கேமராவைவிடக் குடும்பங்களைப் பற்றித்தான் தனக்கு அதிகம் தெரியும் என்று அவருக்கு ஓர் எண்ணம் உண்டு. கடைக்குள் சண்டை போட்ட ஜோடிகள் எத்தனையோ. விலைக்காகப் போடுவார்கள், பையின் நிறத்துக்காகக்கூடப் போடுவார்கள். பிரிகிற அளவுக்கு இதுவரை யாரும் போனதில்லை.

"சாரே, அந்த வார்த்தை மட்டும் வாயில வரக்கூடாது. முதல்ல உக்காருங்க. மேடம், என்ன பிரச்சினை?"

மீரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அடுத்த மாசம் கன்னியாகுமரிலேர்ந்து லடாக் வரைக்கும் அம்பது நாள் பயணம். ஒரு டிராவல்ஸ் கம்பெனிக்குப் படம் எடுத்துத் தரணும். ஃபோட்டோ இவர், வீடியோ நான். இவர்கிட்ட இருக்கறது ஒரு கம்பெனி கேமரா, என்னோடது வேற கம்பெனி. ஒரே வயல் இவர் ஃபோட்டோல ஒரு பச்சை, என் வீடியோல இன்னொரு பச்சை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு அவா கண்டிப்பா சொல்லிட்டா. அதனால ரெண்டு பேரும் ஒரே கம்பெனி கேமராவுக்கு வரணும்."

"மாறிட்டாப் போச்சு."

"யார் மாறறது?" என்றான் சுமந்த்.

அங்கேதான் சிக்கல். ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி கேமராவில் லேசில் சேராது. மாறுகிறவர் தன்னிடம் இருக்கிற லென்ஸ்களையெல்லாம் விற்றுத் தலைமுழுக வேண்டும். சுமந்திடம் ஐந்து லென்ஸ். கல்லூரி நாளிலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியவை. மீராவிடம் நான்கு, அவையும் அப்படி வந்தவைதான்.

"என் கம்பெனியோட பெரிய மாடலைப் பாரு. உள்ளேயே ஃபேன் வச்சிருக்கான். ராஜஸ்தான் வெயில்ல மணிக்கணக்கா ஓடினாலும் சூடாகாது" என்றான் சுமந்த்.

"லென்ஸோட ரெண்டு கிலோ. அதைக் கையில பிடிச்சுண்டு லடாக்ல மூச்சு வாங்க நடக்கப்போறது நான்தானே? என் கம்பெனியோடது இதுல பாதி எடைகூட இல்லை."

"ஏழு வருஷமா இதே கதை. நான் எதைச் சொன்னாலும் அதுல ஒரு குத்தம்."

"ஏழு வருஷத்துல ஒரு தடவையாவது விட்டுக்கொடுத்திருக்கேளா? ஓட்டல்ல எந்த டேபிள்ல உக்காரணுங்கறதுகூட உங்க இஷ்டம்தான்."

மைதீனுக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது. இது அவருடைய துறை.

"மேடம், எங்க வீட்லயும் இதேதான், கேட்டோ. கல்யாணம் கழிஞ்சு இருபத்தாறு வருஷம். ஏசி பதினெட்டுல இருக்கணும்பா அவ. எனக்கு இருபத்தாறு வேணும். இப்ப ரெண்டு பேரும் இருபத்திரண்டுல கெடக்கோம், ஒரு வழக்கும் இல்ல. நீங்க ஒண்ணு செய்யுங்க. சார் கேட்ட கேமராவ மேடம் எடுங்க, மேடம் கேட்டத சார் எடுங்க. ரெண்டும் டெமோ பீஸ்தான். கணபதி கோயில் முன்னால அரை மணி நேரம் சுத்திட்டு வாங்க. பேச்சு மட்டும் கூடாது."

முகத்தைத் திருப்பிக்கொண்டே இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

மீரா முதலில் திரும்பினாள். பெரிய கேமராவைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "படம் பிரமாதம். கைதான் போச்சு" என்றாள்.

பின்னாலேயே சுமந்த் வந்தான். சின்னக் கேமராவின் திரையை அவள் பக்கம் திருப்பினான். நேர்த்திக்கடனுக்குத் தேங்காய் உடைக்கும் ஒரு நடுவயதுக்காரர். கண்ணை இறுக மூடியிருந்தார். தெறித்த தண்ணீர் அவர் மீசையில் நின்றது.

"பெரிய கேமராவோட போனா எல்லாரும் சட்டையை இழுத்து விட்டுண்டு போஸ் குடுப்பா. இன்னிக்கு என்னை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கலை" என்றான். சின்னக் கேமராவை மேசைமேல் வைத்தான். "சரி, உன் கம்பெனியே இருக்கட்டும். என்னோடதை வித்துடறேன்."

"அஞ்சையுமா?"

"அஞ்சையும்."

சொல்லி முடித்ததும் அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. மீராவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் இறங்கி வருவான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

"புது லென்ஸ் எது வாங்கணுங்கறதை நீங்களே சொல்லுங்கோ. நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றாள்.

மைதீனுக்குத் தன் குடும்பத்தையே சேர்த்துவைத்த மாதிரி சந்தோஷம். அலமாரியிலிருந்து நல்ல தோள்பை ஒன்றை எடுத்து, "இது என் வக, ஃப்ரீ" என்று வைத்தார். பிறகு கேமராவைக் கையில் எடுத்தார்.

"முதல் படம் நான் எடுக்கேன். சேர்ந்து நில்லுங்க."

நடுவில் இரண்டடி விட்டு நின்றார்கள்.

"சண்டதான் தீர்ந்தாச்சே, இன்னும் எதுக்கு மூலைக்கு ஒருத்தரா நிக்கீங்க? தோள்ல கையப் போடுங்க சாரே."

மீரா போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்கோ. எங்காத்துக்காரர் ஆபீஸ்லேர்ந்து வந்துட்டார், கீழே காரை நிறுத்திண்டிருக்கார். லடாக் வரைக்கும் வண்டி ஓட்டப்போறது அவர்தான். அவரும் படத்துல இருக்கட்டும்."

மைதீன் கேமராவை மெல்லக் கீழே இறக்கினார்.

"அப்ப... சார்?"

"இவர் என் தொழில் பார்ட்னர். ஏழு வருஷம் முன்னாடி என்னைப் பொண்ணு பார்க்க வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை, அலமாரியில இருந்த என் கேமராவையே பார்த்துண்டிருந்தார். வேண்டாம்னுட்டேன். மறுநாள் காத்தால இவர்கிட்டேர்ந்து போன். கெஞ்சப்போறார்னு எங்காத்துல எல்லாரும் என்னைச் சுத்தி நின்னா. அந்தக் கேமரா நாலு நாளைக்கு வாடகைக்குக் கிடைக்குமான்னு கேட்டார்."