கூடுதலாக இரண்டு கண்ணிகள்

"இன்னைக்கும் மொட்டைதானா?"

"மொட்டைதான் டாக்டர்" என்றார் உதவியாளர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நகல் உண்டாகியிருந்தால் படத்தில் கறுப்புக் கோடு தெரிய வேண்டும். ஐந்து தடங்களில் ஒன்றில்கூட இல்லை.

ஆய்வகத் தலைவி நாற்காலியில் சரிந்தார். அந்த வைரஸின் நொதி சரியான பிடிவாதக்காரன். ஆர்.என்.ஏ. இழையின் வால் நுனியைத் தடவிப் பார்க்கும். தன்னுடையதுதான் என்று உறுதியானால் மட்டுமே நகலெடுக்கத் தொடங்கும். அது குழாய்க்குள் ஒருமுறையாவது நகலெடுத்தால்தான், எந்த மருந்து அதைத் தடுக்கும் என்று சோதிக்க முடியும். நாற்பது மருந்துகள் குளிர்பெட்டியில் காத்திருந்தன. நொதியோ ஏழு மாதங்களாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. மாலை நான்கு மணிக்குக் குழு கூடி, ஆய்வை இழுத்து மூடப் போகிறது.

"நொதி எவ்வளவு மிச்சம்?"

"ஒரே ஒரு தடவைக்கு வரும்."

"எதைப் போடுறது? இருக்கிற இழையெல்லாம் போட்டாச்சே!"

"அந்தத் தப்பான இழை இருக்கு..."

தலைவிக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதங்களுக்கு முன், வைரஸ் தரவுத்தளத்தில் உள்ளபடியே இழை செய்து தரும்படி வெளி நிறுவனத்துக்கு எழுதியபோது, சங்கிலிபோல் கோத்த அந்த இழையின் வால் நுனியில் இரண்டு கண்ணிகளைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டார் உதவியாளர். ஒரு சொட்டுகூடச் சிந்தாதவர் என்று பெயரெடுத்தவர்! எல்லார் முன்னிலையிலும் அன்று அவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார் தலைவி.

"போட்டுத் தொலை. இதுக்கு மேல கெடுறதுக்கு என்ன இருக்கு?"

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரையில் படம் தெளிந்தது. மை தொட்டு இழுத்தாற்போல் ஒரு கறுப்புக் கோடு. பக்கத்தில், இழையே போடாத தடம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது; ஆகவே வேறேதும் கலந்து வந்த கோடும் அன்று.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். கோடு எங்கும் போய்விடவில்லை.

"எடுத்திருச்சுடி! நகலெடுத்திருச்சு! குழுவுக்கு ஃபோன் போடு. நாளைக்கே மருந்துகளை ஆரம்பிச்சிடலாம்." மூச்சு வாங்கினார். "என்ன அதிர்ஷ்டம் பாரு! நீ அன்னைக்குக் கவனமா எழுதியிருந்தா இன்னைக்குக் கடையைக் கட்டியிருப்போம். திட்டினதை மனசுல வச்சுக்காதே. கட்டுரையில உன் பேரைப் போட்டு, தற்செயலா நடந்ததுன்னு எழுதிடறேன்."

உதவியாளர் கையுறைகளை நிதானமாகக் கழற்றினார்.

"தற்செயல்னு வேண்டாம் டாக்டர். இழையைப் படிக்கிற இயந்திரம் நுனியைச் சரியாப் படிக்காது, தரவுத்தளத்துல ரெண்டு கண்ணி விட்டுப்போயிருக்கும்னு அதுக்கு முன்னாடியே கூட்டத்துல சொன்னேன். அதுக்குள்ள காபி வந்துச்சு, எல்லாரும் எழுந்துட்டீங்க. பதினோரு வருஷத்துல நான் செஞ்ச ஒரே தப்பு அது. மூணு நாள் உட்கார்ந்து யோசிச்சுத்தான் செஞ்சேன்."