முகட்டில் ஏறிய சட்டைகள்

"சட்டை வராம ஒரு ஓடுகூட ஏறாது!"

கூரை முகட்டில் குந்தியிருந்த ராசிம் மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

ஸும்ராவுக்குத் திக்கென்றது. மண்சரிவில் வீட்டையும் கணவனையும் பறிகொடுத்து, இரண்டு பிள்ளைகளோடு இந்த மலைக்கிராமத்துக்கு வந்து ஐந்து மாதம். தகரக் கொட்டகையில்தான் வாசம். டென்மார்க்கிலிருந்து எட்டுப் பேர் சொந்தச் செலவில் வந்து அவளுக்காகச் சுவர் எழுப்பியிருந்தார்கள். நாளை மறுநாள் அவர்களுக்கு விமானம். மேற்கே வேறு மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்றைக்குக் கூரை மூடாவிட்டால் குளிர்காலம் முழுக்கக் கொட்டகைதான்.

முகட்டுக்கட்டை ஏறும் நாளில் அக்கம்பக்கத்தார் சட்டையோ துண்டோ கொண்டுவந்து அதில் கட்டுவது போஸ்னியாவில் வழக்கம். பிறகு அது மேஸ்திரிக்குச் சொந்தம்.

"அதான் கூலி தர்றோமே! இந்த ஏழைகிட்ட சட்டை வேற புடுங்கணுமா?" என்று எகிறினாள் இங்கர். டென்மார்க் குழுவில் ஒருத்தி; இங்கே ஐந்தாவது முறையாக வந்திருப்பவள். உள்ளூர்ப் பேச்சு அத்துப்படி. "நான் டவுனுக்குப் போய் பத்துச் சட்டை வாங்கிட்டு வர்றேன்."

"கடைச் சட்டை செல்லாது. இந்த ஊர் வீட்டுச் சட்டைதான் வேணும்."

"கல் நெஞ்சுக்காரன்!"

ஸும்ரா கையிலிருந்த சிமெண்டைக் கழுவினாள். ஐந்து மாதத்தில் அவள் எந்த வீட்டுப் படியும் ஏறியதில்லை. 'ஓசி வீட்டுக்காரி' என்று முதுகுக்குப் பின்னால் பேசியது காதில் விழுந்திருந்தது.

இன்று முதல் வீட்டுப் படி ஏறினாள்.

"பதினஞ்சு வருஷம் ஆஸ்திரியா ஹோட்டல்ல படுக்கை விரிச்சு நாங்க கட்டின வீடு இது" என்றாள் ஹமீதா, வாசலை மறித்துக்கொண்டு. "உனக்கு வெளிநாட்டுக்காரங்க பறந்து வந்து கட்டுறாங்க. அது பத்தாதுன்னு சட்டை வேறயா?"

"புதுசு வேணாங்க்கா. கிழிஞ்ச துண்டு போதும். மழைக்கு முன்னாடி ஓடு ஏறணும்."

கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த வீட்டில் ஆள் இல்லை. அதற்கடுத்த வீட்டில் நாய்தான் பதில் சொன்னது. அவள் திரும்பவில்லை. நான்காவது வீட்டு இப்ரோ, தலையைச் சொறிந்துகொண்டு ஒரு சமையல்கட்டுத் துண்டை நீட்டினான்.

மேஸ்திரி அதை முகட்டில் கட்டி, வழக்கப்படி உரக்கக் கூவினார். "இப்ரோ வீட்டுத் துண்டு! அவன் பசு ரெட்டைக் கன்னு போடட்டும்!"

மலை முழுக்கக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஹமீதா மூச்சிரைக்க வந்தாள். கையில் ஒரு சட்டை.

"அந்தக் கஞ்சன் பேரு மலையெல்லாம் கேக்குது. எங்க வீடு மட்டும் செத்தா போச்சு?"

"ஹமீதா வீட்டு ஆஸ்திரியாச் சட்டை! ஒரு பொத்தானைக் காணோம்!"

"டேய் ராசிம், கண்ணைத் துடைச்சுட்டுப் பாரு! எல்லாம் இருக்கு!"

கூட்டம் சிரித்தது. கூட்டம் எப்போது சேர்ந்தது என்றுதான் தெரியவில்லை.

மதியத்துக்குள் முகட்டில் பதினேழு துணிகள் பறந்தன. கொண்டுவந்தவர்கள் போகவும் இல்லை. வானத்தைப் பார்த்த ஹமீதா, "வேடிக்கை பார்த்தா ஓடு தானா ஏறுமா? வரிசையா நில்லுங்க!" என்று அதட்டினாள். டென்மார்க்கும் கிராமமும் கலந்து நின்று, கைக்குக் கை ஓடு மாற்றின. கடைசி ஓடு பதிந்தபோது முதல் தூறல் விழுந்தது.

மேஸ்திரி தன் சாமான்களை வேனில் ஏற்றினார். ஸும்ரா துணிகளை மடித்து மூட்டையாகக் கொண்டுவந்தாள். இங்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்க சட்டைங்க, மேஸ்திரி."

"எனக்கெதுக்கு? வீட்ல ஒரு பெட்டி நிறைய கெடக்கு. உன் பிள்ளைங்களுக்கு வெட்டித் தைச்சுக் கொடு."

ஸும்ராவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்புறம் எதுக்கு என்னை வீடு வீடா அலையவிட்டீங்க?"

அவர் வேனைக் கிளப்பினார்.

"இவங்க நாளன்னிக்குப் போயிடுவாங்க. நான் இதோ கிளம்பிட்டேன். பனி கொட்டுறப்போ, 'இருக்கியா'ன்னு உன் கதவைத் தட்ட இந்த ஊர்ல நாலு பேர் வேணாமா, தங்கச்சி?"