முழு மதிப்பெண்

"அழுதா, அழாதேன்னு சொல்லக் கூடாது. டிஷ்யூ பெட்டியை அவ கைக்கு எட்டுற மாதிரி நகர்த்தி வைங்க, போதும்," என்றார் பயிற்சியாளர்.

பாலியல் புகார்க் குழுவின் தலைவி பெட்டியை மேசையின் எதிர்ப்பக்கம் நகர்த்தி வைத்தார். பக்கத்தில் பல்கலைக்கழகப் பதிவாளர், தான் சொல்ல வேண்டியதைப் பரீட்சைக்குப் போகும் பையனைப் போல முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஒத்திகைதான். ஆனாலும் தலைவி பெட்டியை இன்னும் ஓர் அங்குலம் நகர்த்தினார். சென்ற முறை நிஜமாகவே ஒரு மாணவி வந்து அழுதபோது, "அந்த நேரத்துல அங்க உனக்கு என்ன வேலை?" என்று கேட்டுவைத்தார் பதிவாளர். தலைவியும் தன் பங்குக்கு, "நல்லா யோசிச்சுட்டு வாம்மா" என்று அனுப்பிவைத்தார். அந்தப் பெண் நன்றாகவே யோசித்தாள். படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

விஷயம் செய்தித்தாள்வரை போய் நாறியது. இந்த ஒத்திகையில் தேறாவிட்டால் குழுவையே கலைத்துவிடுவேன் என்று துணைவேந்தர் கறாராகச் சொல்லிவிட்டார். பதவியும் போகும், கூடவே மானமும் போகும்.

"நடிக்கப் போற பொண்ணு எப்படி?" என்று கேட்டார் தலைவி.

"நாடகக் குழுவுல இருக்கிறவ. நானே இன்னும் பாத்ததில்ல, போன்லதான் பேசினேன். கதையைச் சொல்லிக் கொடுத்திருக்கேன். சீனியர் பையன், ஹாஸ்டல் விழா. நீங்க நிஜம்னே நினைச்சுப் பேசுங்க. நடுவுல ஒத்திகைன்னு வாயே திறக்கக் கூடாது, ஆமா."

கதவு மெல்லத் தட்டப்பட்டது. ஒல்லியாக ஒரு பெண் உள்ளே வந்தாள். தோள்பையைக் கழற்றாமலே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"கமிட்டி உள்ளதான் இருக்காங்கன்னு வாசல்ல சொன்னாங்க," என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஆரம்பமே அமர்க்களம் என்று நினைத்துக்கொண்டார் தலைவி. "வாம்மா. அவசரமே இல்ல. எங்க ஆரம்பிக்கணும்னு தோணுதோ அங்கேருந்து சொல்லு. நிறுத்தணும்னு தோணினா நிறுத்திக்கலாம்."

இப்படி ஒரு பேச்சை எதிர்பார்க்காதவள் போல அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். ஆய்வுக் கட்டுரையைத் திருத்தித் தருகிறேன் என்று விலங்கியல் துறைத் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டது. கதவைத் தாழிட்டது. அதன் பிறகு நடந்தது. ஓர் இடத்தில் நிறுத்தி, மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

பதிவாளர் தலைவியின் காதோரம் குனிந்தார். "சீனியர் பையன்னுதானே சொன்னாங்க? நம்ம விலங்கியல்காரரையே இழுத்து விட்டுட்டா பாருங்க. வர்ற வழியில போர்டைப் படிச்சிருப்பா. கெட்டிக்காரி!"

அவரும் விலங்கியல்காரரும் தினமும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த பயிற்சியாளரும் புருவத்தை உயர்த்தினார். ஆனாலும், தொடருங்கள் என்று கை காட்டினார்.

"நாலஞ்சு தடவை இந்த வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன், மேடம். ஏன் உடனே சொல்லலன்னு கேப்பீங்க..."

"கேக்க மாட்டோம். உனக்கு எப்ப சொல்ல முடிஞ்சுதோ, அதுதான் சரியான நேரம்."

"அவர் பெரிய மனுஷர். அவர் கையெழுத்துப் போடலன்னா என் பட்டமே போயிடும். என் பேச்சை யாரு நம்புவா?"

"நாங்க நம்புறோம். இதுல உன் தப்பு துளிகூட இல்லம்மா."

அவள் உடைந்து அழுதாள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. பெட்டி கைக்கு எட்டும் இடத்திலேயே இருந்தது.

பதிவாளருக்கு உற்சாகம் பீறிட்டது. வாய் வார்த்தைதானே, காசா பணமா? "விசாரணை முடியிற வரைக்கும் அவர் துறைப் பக்கமே தலை வெச்சுப் படுக்கக் கூடாதுன்னு இன்னிக்கே உத்தரவு போடறேன். உனக்கு வேற வழிகாட்டி ஏற்பாடு பண்றேன். உன்னை யாராவது பழிவாங்க நினைச்சா, முதல்ல என்னைத் தாண்டி வரட்டும்!"

"நிஜமாவா சார்?"

"அட, நிஜமாத்தாம்மா."

அவள் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. "அப்ப... அம்மாகிட்ட சொல்லலாமா? விஷயம் தெரிஞ்சா தாங்க மாட்டாங்கன்னு இத்தனை நாள் மறைச்சு வெச்சிருந்தேன்."

"தாராளமா சொல்லு. அவங்களையும் கூட்டிட்டு வா," என்றார் தலைவி.

பயிற்சியாளர் எழுந்து நின்று கைதட்டினார். "முழு மதிப்பெண்! ஒரு வார்த்தை பிசகல. மேடம், உங்க குரல்ல என்ன ஒரு கனிவு! சார், நீங்க பின்னிட்டீங்க!"

பதிவாளரும் தலைவியும் சேர்ந்து தட்டினார்கள். "என்ன பண்றது, போன தடவை வந்தவ இந்தப் பொண்ணு மாதிரி தெளிவா பேசத் தெரியாதவ," என்று பெருமூச்சு விட்டார் பதிவாளர்.

அந்தப் பெண் தட்டுகிற கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"போதும்மா, கண்ணைத் துடைச்சுக்கோ," என்று தலைவி அவள் தோளைத் தட்டினார். "எனக்கே அழுகை வந்துடுச்சு, போ. இவ்வளவு தத்ரூபமா எங்க கத்துக்கிட்ட?"

அவள் தோள்பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அப்போது கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, மூச்சிரைக்க இன்னொரு பெண் தலையை நீட்டினாள்.

"சாரி மேடம், பஸ் லேட்டு. நடிக்க வரச் சொன்னது என்னைத்தான்!"