கண்ணால் ஒரு வரி

கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த நொடியே அணைந்தது.

காலையிலிருந்து இதே கதைதான். பிரகதா மடிக்கணினியை அப்பாவின் கட்டிலருகே இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

அப்பா அழகுமலை, திருக்கோகர்ணம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவர் குரலுக்குக் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் எழுந்து டிக்கெட் எடுப்பான். நரம்பு நோய் முதலில் கையைக் கொண்டுபோனது, பிறகு காலை, பிறகு அந்தக் குரலை. கண்களை மட்டும் விட்டுவைத்தது.

ஆமாம் என்றால் ஒரு தடவை இமைப்பார். இல்லையென்றால் இரண்டு தடவை.

கேட்டதற்குப் பதில் சொல்ல முடியும். தானாக ஒன்றைச் சொல்ல முடியாது.

அதற்காகத்தான் இந்தக் கருவியைப் பழசாக வாங்கினாள். எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ, அது திரையில் விழும். வந்த பிறகுதான் தெரிந்தது, விண்டோஸில் மட்டுமே ஓடும் என்று. அவளுடையது கம்பெனி கொடுத்த லினக்ஸ் கணினி. அழித்து மாற்ற முடியாது. அதனால் அதற்குள்ளேயே இல்லாத கணினி ஒன்றை இருப்பதுபோல உண்டாக்கி, அதில் விண்டோஸை ஏற்றியிருந்தாள். கருவி அங்கே போய் ஒரு நொடி நிற்கும். பிறகு காணாமல் போய்விடும்.

குளத்தூரிலிருந்து வந்திருந்த மாமா பெரியகருப்பன் நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"எதுக்கு புள்ள இந்த வேலை? மச்சான் பாட்டுக்கு நிம்மதியாத்தான இருக்காரு."

அவள் அப்பாவிடம் திரும்பிச் சிரித்தாள். "அம்மாவுக்கு முட்டி வலி தேவலையாம்ப்பா. மாமா வீட்டுலயே இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வருதாம்."

அப்பா ஒரு தடவை இமைத்தார்.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. செருகியதும் ஒரு பெயரைச் சொல்கிற கருவி, விழித்துக்கொண்டதும் வேறு பெயரைச் சொல்கிறது. புதுப் பெயரில் வருவதை லினக்ஸ் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டு பெயரையும் விண்டோஸுக்கு விட்டுவிடும்படி எழுதிவிட்டு, வயரைப் பிடுங்கிச் செருகினாள்.

விளக்கு அணையவில்லை.

தமிழ் எழுத்துகள் திரையில் விரிந்தன. மாமா சத்தமில்லாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அப்பாவின் கண்கள் ஓர் எழுத்தில் நின்று, அடுத்ததைத் தேடி நகர்ந்தன. தண்ணி கேட்பாரோ, ஃபேனைக் குறைக்கச் சொல்வாரோ என்று அவள் காத்திருந்தாள்.

செவந்தி செத்தது எனக்குத் தெரியும்.

அவள் கை வயரிலேயே நின்றுவிட்டது.

திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை நேரே குளத்தூருக்குக் கொண்டுபோய், அங்கேயே எல்லாவற்றையும் முடித்தார்கள். அவர் தாங்கமாட்டார், வாயைத் திறக்காதே என்று மாமாதான் சொன்னார். அங்கேயே தலைமுழுகிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்தவள், அன்றிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

கண்கள் மறுபடி நகர்ந்தன.

பொழுதுசாய ஈரத் தலையோட வந்தியே. அன்னைக்கே தெரியும்.

அவர் கண்ணில் நீர் கட்டியதும் கருவி தடுமாறியது. தப்புத் தப்பாக எழுத்துகள் விழுந்தன. அவர் பொறுத்திருந்து, முதலிலிருந்து தொடங்கினார்.

நீ இன்னும் அழுகல ஆத்தா. அழுதுரு.

பிறகு கண்களை மூடிக்கொண்டார். அவள் அழுது ஓயும்வரை திறக்கவில்லை.