இந்தி தெரிந்த மாப்பிள்ளை

"வாய் மேலயே வெய்யுங்க மாப்ள!"

வேல்முருகன் கத்தி முடிப்பதற்குள் சின்னராசுவின் கை இறங்கிவிட்டது. சில்வர் ஓக் மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த வடக்கத்திப் பயலின் உதடு கிழிந்து, ரத்தம் சட்டையில் சொட்டியது.

சுற்றி நின்ற ஏழெட்டுப் பேருக்கும் பரம திருப்தி. வேல்முருகனுக்குக் கேட்கவே வேண்டாம். தங்கச்சி கோகிலாவைக் கட்டிய மாப்பிள்ளை ஒரு வாயில்லாப் பூச்சி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

வாசலூர்பட்டி ஏரிப்பக்கம் யாரோ விடுதி கட்ட வடக்கத்தி ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய நாள் முதல் வேல்முருகனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. கொத்து வேலை போச்சு, மிளகு பறிக்கிற வேலையும் போச்சு. "மலை நம்முளுது, வேலை அவனுங்களுதா?" என்று ஒரு டீக்கடை பாக்கியில்லாமல் கேட்டுவிட்டான். கேட்டவர்கள் எல்லோரும் பலமாகத் தலையாட்டிவிட்டு, அவரவர் தோட்டத்துக்கு வடக்கத்தி ஆளையே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

விடுதி கட்ட வந்த அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் இந்தப் பயல். கொஞ்ச நாளாகவே வேலை விட்டதும் குச்சிக்கிழங்குக் காட்டோரம் வந்து நின்று, கோகிலா வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தானாம். நேற்று அவள் குழந்தைக்கு பிஸ்கட் பாக்கெட் வேறு நீட்டியிருக்கிறான். பிள்ளை பிடிக்கிறவன் என்று முடிவு கட்ட வேறென்ன வேண்டும்?

இன்று மத்தியானம் ஆள் சேர்த்து வளைத்துவிட்டான் வேல்முருகன். மிளகுத் தோட்டத்துக்குள் புகுந்திருந்தால் பயல் தப்பியிருப்பான். ஆனால், சத்தம் கேட்டு வீட்டிலிருந்து வெளியே வந்த சின்னராசுவைப் பார்த்ததும் நேராக அவனிடம் ஓடி, காலைக் கட்டிக்கொண்டான். தானாக வந்து மாட்டிய முட்டாளைப் பார்த்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பயலுக்குத் தமிழில் ஒரு சொல் வரவில்லை. அதனாலென்ன, இந்தி தெரிந்த மாப்பிள்ளைதான் இருக்கிறானே! சின்னராசு திருச்செங்கோட்டுப் போர் வண்டியில் சேர்ந்து, சத்தீஸ்கர் வரைக்கும் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவனாம். போர் வண்டிக்குப் போய்வந்த பையன்கள் இந்தி பேசுவது நாமக்கல் சீமையில் அதிசயமே இல்லை.

மலையில் போர் போட வந்த இடத்தில்தான் கோகிலாவுக்கு அவனைப் பிடித்துப்போனது. பெற்றவர்கள் இல்லை, ஊர் கீழே எங்கேயோ என்றான். முதலில் முறைத்த வேல்முருகன்கூட, 'போகட்டும், தமிழ்க்காரன்தானே' என்று சமாதானமாகிவிட்டான்.

"எத்தன பேரு சேந்து வந்துருக்கானுங்கன்னு கேளுங்க மாப்ள."

சின்னராசு தணிந்த குரலில் ஏதோ கேட்டான். கிழிந்த உதட்டோடு பயல் கடகடவென்று பேச ஆரம்பித்தான். பேச்சு முடியுமுன் சின்னராசு அவன் வாய் மேல் மறுபடி ஓர் அறை விட்டான்.

"என்னங்க சொல்றான்?"

"கெட்ட வார்த்தை பேசறான் மச்சான். போதும், உட்டுருலாங்க. நான் கீழ கூட்டிட்டுப் போயி பஸ் ஏத்தி உட்டர்றேன். இனி மலைப்பக்கமே வரமாட்டான்."

"கெட்ட வார்த்தையா?" வேல்முருகன் மூங்கில் தடியை எடுத்தான். "நம்ம மண்ணுல நின்னுக்கிட்டு நம்மளையே பேசறானா?"

முதல் அடி முழங்காலில் விழுந்தது. அடுத்தது விலாவில். பயல் அலறிய அலறலில் நாய்கள் குரைக்க ஆரம்பித்தன.

"மச்சான், வேண்டாங்க! செத்துருவானுங்க!" குறுக்கே விழுந்த சின்னராசுவின் முழங்கையிலும் ஒன்று விழுந்தது.

"அடிச்சவரும் நீங்கதான், இப்ப இரக்கப்படறவரும் நீங்கதானா? தள்ளுங்க!" அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தடியை ஓங்கினான் வேல்முருகன். எத்தனை மாசத்துக் கோபமோ, அத்தனையும் அந்த அடியில் இருந்தது. பயலின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

அலறல் நின்றுவிட்டது.

"ஏனுங்க, உசுரு இருக்குதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டான் கூட்டத்தில் நின்ற அர்த்தனாரி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் பின்னாலேயே கூட்டமும் சத்தமில்லாமல் கரைந்தது.

வேல்முருகன் தடியைத் தூர வீசினான். இவன் செத்தால் கொலைக்கேஸ், பிழைத்தால் சாட்சி. இரண்டில் எது நல்லது என்று பாழாய்ப்போன புத்தி கணக்குப் போட்டது.

சின்னராசு கட்டை அவிழ்த்து, பயலின் தலையைத் தன் மடியில் கிடத்தியிருந்தான். அவன் கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் வழிந்தது. ஜெயில் பயம் மாப்பிள்ளையையும் பிடித்துக்கொண்டது என்று வேல்முருகன் நினைத்தான்.

"அழுவாதீங்க மாப்ள. நம்ம பசங்க ஒருத்தனும் வாயத் தொறக்கமாட்டான். மொதல்ல இவனை ஆஸ்பத்திரி வாசல்ல போட்டுட்டு வந்துருலாம்."

சின்னராசு நிமிரவில்லை. பயலின் ஒரு கண் மட்டும் லேசாகத் திறந்தது. ரத்தம் நிரம்பிய வாயிலிருந்து திக்கித் திக்கிச் சில சொற்கள் வந்தன.

வேல்முருகன் பதறிப்போய்க் குனிந்தான். "என்னங்க சொல்றான்? அடிச்சது நாந்தான்னு போலீசுல சொல்லுவேங்கறானா? மறைக்காமச் சொல்லுங்க மாப்ள!"

சின்னராசு தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான்.

"'நீ உசுரோட இருக்கறதை அம்மாகிட்டச் சொல்லட்டுமாண்ணா'ன்னு கேக்கறான், மச்சான்."