பூட்ஸில் ஒட்டிய மண்

சமையலறை மேசையில் விரித்த செய்தித்தாளின் மேல் நெரிஸின் பூட்ஸ் கவிழ்ந்து கிடக்கிறது. நாளைக் காலை அவள் ஆசிரியையோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் பென்குயின்களைக் கணக்கெடுக்க நியூசிலாந்துக்குக் கிளம்புகிறாள். ஜன்னலுக்கு வெளியே வேல்ஸ் மலைச்சரிவில் சாயங்கால மழை. ஆடுகள் விட்டுவிட்டுக் கத்துகின்றன. அப்பா எம்ரிஸ் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, கோணி ஊசியால் பூட்ஸின் அடிப்பள்ளங்களில் காய்ந்த சேற்றைக் கிளறுகிறார். கூடவே ஒரு புல்விதையும் நாயின் முடி இரண்டும் உதிர்கின்றன. "நல்லாப் பாருப்பா. நம்ம ஊரு மண்ணு துளி இருந்தாலும் ஏர்போர்ட்லயே நிறுத்திருவாங்க" என்கிறாள் நெரிஸ், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏன், நம்ம மண்ணு அப்படி என்ன பாவம் பண்ணுச்சு?" "மண்ணுல விதை இருக்குமாம். அங்க போய் வேர் விட்டுருச்சுன்னா அப்புறம் பிடுங்கவே முடியாதாம்." ஊசி ஒரு நொடி நிற்கிறது. "நீ வேர் விட்டுறாதடி, குட்டி" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிக்கிறார். நிமிர்ந்து பார்க்கிறார், அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். இருவர் மட்டுமே இருக்கும் வீட்டில் ஊசி சுரண்டும் சத்தம் மறுபடி எழுகிறது. கழுவித் துடைத்து அடுப்போரம் வைத்த பூட்ஸ், இந்த வீட்டில் ஒருநாள்கூட நடந்தறியாததுபோல் பளபளக்கிறது.