மாறிப் போன மூடிகள்

"இது சமையலறையா, சந்தைக்கடையா? சர்க்கரை டப்பாவுக்கு உப்பு டப்பா மூடி! எங்க ஸ்டோர்ஸ்ல எவனாவது இப்படி வெச்சிருந்தான்னா அன்னைக்கே வெளியே அனுப்பியிருப்பேன்!"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தம்பியின் குரல்தான் அக்காவை வரவேற்றது.

ஆலையின் உதிரிபாக ஸ்டோர்ஸுக்கு அவன்தான் பொறுப்பு. எந்த நட்டு எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். ஆர்டர் வற்றி ஆலையை இழுத்து மூடியதும், சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். ஷேவ் செய்வதில்லை, கூப்பிட்டால் ஏனென்று கேட்பதில்லை என்று காதில் விழுந்திருந்தது. அக்காவுக்கு பஸ் ஏற இன்றுதான் முடிந்தது. வழியெல்லாம் வேண்டாத நினைப்பு.

வந்து பார்த்தால், ஆள் மழுமழு முகத்தோடு ஸ்டூல் மேல் நின்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருக்கிறான்.

"வா அக்கா, நீயே பாரு. நேத்து அடுக்கி வெச்சது, இன்னைக்கு இந்த லட்சணம். தினமும் இதே கூத்து!"

அவன் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பியைப் பார்த்து நிம்மதியாக இருந்த அக்காவுக்கு இப்போது அவன் மனைவி மேல் பற்றிக்கொண்டு வந்தது.

டப்பாக்களை வரிசை கட்டி நிறுத்திவிட்டு, போரில் ஜெயித்தவன் போல் தம்பி குளிக்கப் போனான்.

"ஏம்மா, எடுத்ததை எடுத்த இடத்துல வெச்சா கை தேஞ்சிடுமா?"

"மறந்துடுது அண்ணி."

"நல்லா மறந்தே! அவனே வேலை போய் நொந்து கிடக்கான். உன் பருப்பு டப்பாவைத் துடைக்கணும்னு வேற அவன் தலையில எழுதியிருக்கா?"

"இனிமே பார்த்துக்கிறேன் அண்ணி."

'நல்லா பார்த்துக்கிட்ட!' என்று முணுமுணுத்தபடி கூடத்துக்குப் போன அக்கா, தண்ணீர் குடிக்கத் திரும்பி வந்தாள். வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

தம்பி மனைவி மும்முரமாக மூடிகளைக் கழற்றி, மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்கு, ஒரு கரண்டியை அரிசிக்குள் புதைத்தாள்.

"அடிப்பாவி! என்னடி பண்ற?"

"மெதுவா அண்ணி..." குளியலறைக் கதவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஒருநாள் தெரியாம ஒரு மூடி மாறிப் போச்சு. என்னைத் திட்டுறதுக்காகத்தான் அவர் படுக்கையை விட்டே எழுந்திருச்சார்."